நான் ஜீப்பாக இருந்த காலை

அன்றைக்கு எனக்குக் கிடைத்த வேஷம் ஜீப். விமானம்கூட இல்லை, ஜீப். ரன்வேயில் செத்த பறவை கிடக்கிறதா, டயர் துண்டு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகுமே, அந்த மஞ்சள் ஜீப். நிஜமாக ஓட்டவும் வேண்டாம். ஓர் அறையில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஓட்டுகிற மாதிரி பேசினால் போதும். இதற்கா இப்படிப் பயந்தாய் என்று அம்மா பிறகு கேட்டார். ஆமாம், பயந்தேன். காலையில் சாப்பிட்ட இட்லி கிண்டி தாண்டியும் தொண்டையிலேயே நின்றது.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்துகிற கன்ட்ரோலர் வேலைக்கு நானும் என் சிநேகிதியும் ஒரே சமயத்தில் தேர்வானோம். எழுத்துத் தேர்வு, குரல் சோதனை, கண் காது பரிசோதனை எல்லாம் தாண்டி, வடக்கே ஓர் ஊரில் மாதக்கணக்கில் பாடம் படித்து, சப்பாத்தி தின்று இளைத்து, சென்னைக்கே திரும்பி வந்தோம். வந்ததும் விமான நிலைய டவரில் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் சிமுலேட்டர் என்கிற பொய் டவர். அதில் தேறினால்தான் நிஜ டவரில், அனுபவப்பட்ட ஒருவர் பின்னால் நிற்க, நிஜ விமானத்தோடு பேசவிடுவார்கள்.

பொய் டவரில் இரண்டு அறை. ஓர் அறையில் சுற்றிலும் திரை. திரையில் ரன்வே, வானம், விமானங்கள். யாருக்குத் தேர்வோ அவர் அங்கே கன்ட்ரோலராக உட்காருவார். பக்கத்து அறையில் மற்ற பயிற்சிக்காரர்கள், அதாவது நாங்கள், பைலட்டாகவும் ஜீப் டிரைவராகவும் உட்கார்ந்து அவரோடு ரேடியோவில் பேசுவோம். நடுவில் சுவர். இந்தத் தொழிலில் கூடப் படிக்கிறவளின் பரீட்சையில் கூடப் படிக்கிறவளேதான் வில்லி. தப்பாகத் திரும்பு, காதில் விழாத மாதிரி இரு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூப்பிடு என்று எங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். கன்ட்ரோலர் அதைப் பிடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தப்புச் செய்வதற்கு முன்னால் ரேடியோவில் மெல்லத் தொண்டையைச் செருமிவிடுவோம். யாரும் பேசிவைத்துக்கொண்டது கிடையாது, ஆனால் எல்லோரும் செய்தார்கள்.

நான் முதல் தடவையிலேயே தேறிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை எனக்கு நிஜ டவர். அவள் முதல் தடவை தேறவில்லை. அவளுக்கு இன்னும் ஒரே வாய்ப்புதான். அதுவும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறுபடி தேர்வெழுதி வரலாமே என்றால் வயது வரம்பு தாண்டிவிட்டது. தரமணி ஐடி கம்பெனிக்கு ஏசி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த நல்ல வேலையை இதற்காக விட்டவள் வேறு. அவளை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

மூளைக்கு அவளிடம் பஞ்சமில்லை. மூன்று விமானம் ஒரே சமயத்தில் கூப்பிட்டாலும் அலட்டிக்கொள்ளாமல் வரிசைப்படுத்துவாள். ஒரே ஒரு கோளாறு. பேசுகிறதைக் கவனிப்பாள், பேசாததை மறந்துவிடுவாள். முதல் தேர்வில் அப்படித்தான், ரன்வே ஓரத்தில் ஒரு விமானத்தைக் கொஞ்சம் பொறு என்று நிற்கவைத்தாள். அந்தப் பைலட் வாயைத் திறக்கவில்லை. இவளும் தேர்வு முடிகிறவரைக்கும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அது அங்கேயே நின்றது, பாவம், முகூர்த்தத்துக்கு வந்து உட்கார்ந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

அவள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியில். நான் சாந்தோம். சாயங்காலமானால் நடந்தே போய்விடுவேன். அவர்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் ரன்வே வரைந்து பயிற்சி எடுத்தோம். அவள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து கன்ட்ரோலர். கீழே வருகிற விமானம், போகிற விமானம், நிற்கிற விமானம் எல்லாம் நான். மூச்சிரைக்க ஓடுவேன். ஒருநாள் மூன்றாவது வீட்டு மாமி சொல்லிவிட்டே வந்து எங்கள் ரன்வேயின் நடுவில் துணி விரித்து வடாம் பிழிந்துவிட்டுப் போனார். இவளும் சரி மாமி என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்கு இறங்க அனுமதி கொடுத்தாள். நான் வேண்டுமென்றே நேராக ஓடிப்போய் வடாமுக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். மாமி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு என்னை வைத வசவு இருக்கிறதே, அதை எழுத முடியாது.

எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். வடாமாக இருந்ததால் சரியாகப் போச்சு, ஆளாக இருந்தால் என்னடி செய்வாய் என்று கத்தினேன். அவள் தொட்டிமேலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா காபியோடு வந்தவர், மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஆத்துல அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துடறா. ஆகாசத்துல ப்ளேனை வெச்சுண்டு என்ன பண்ணப்போறாளோ."

நான் திட்டலாம், அவர் திட்டக்கூடாது. சுருக்கென்று வந்தது. அவள் என்னைவிட நன்றாகச் செய்வாள் ஆன்ட்டி என்று பட்டென்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். சொன்னேனே தவிர நம்பவில்லை.

இந்தத் தொழிலில் மறதிக்கு ஒரு மருந்து உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளமான காகிதத் துண்டு, பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி கன்ட்ரோலர் முன்னால் வரிசையாக இருக்கும். ஸ்ட்ரிப் என்போம். ரன்வேயில் ஜீப்போ ஆளோ போனால் உடனே ஒரு சிவப்பு ஸ்ட்ரிப்பை எடுத்து வரிசைக்கு நடுவில் வைக்க வேண்டும். சிவப்பு இருக்கிறவரைக்கும் யாரும் இறங்கக்கூடாது. ஆனால் சிவப்பை வைத்தால் மட்டும் போதுமா, அதைப் பார்க்கவும் வேண்டாமா? அவள் வைப்பாள். பிறகு பேச்சுச் சுவாரசியத்தில் அதன் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வாரம் முழுக்க அவளை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. தி.நகருக்கு ஏதோ துணி எடுக்கப் போனபோதுகூட விடவில்லை. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வருகிற ஆகாய நடைபாதையில் அவளை நிறுத்தி, கீழே கூட்டத்தைக் காட்டி, பச்சைப் புடவை, தலையில் மூட்டை வைத்திருக்கிற ஆள், அங்கே அசையாமல் நிற்கிற பூக்காரம்மா மூன்று பேரையும் மறக்காதே என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய்த் திரும்பியதும் கேட்டேன். பூக்காரம்மாவை மறந்திருந்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவளும் சிரிக்கவில்லை.

தேர்வு நாள் காலை 21ஜி-யில் போனோம். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்டு, தடுப்பு வைத்து, பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று டிரைவருக்கே தெரியாத நிலைமை. கண்டக்டர், இன்னாமா பண்றது, எங்க பாத்தாலும் பள்ளமாத்தான் கீது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டிருந்தார். நான் எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தேன். யாருக்கு என்று கேட்டால், அவளுக்கு. அடையாறு பாலத்தில் பஸ் நின்றபோது, இறங்கிவிடலாமா என்று கேட்டாள். நான் அவள் கைப்பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கிண்டி வரைக்கும் கொடுக்கவில்லை.

எங்களுக்குத் தேர்வு வைத்தவர் ஒரு மேடம். அதட்ட மாட்டார், ஆனால் அவர் பக்கத்தில் வந்தாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். தேர்வு தொடங்குமுன் பக்கத்து அறைக்கு வந்து என் காதோரம் குனிந்தார். ரன்வேக்குள் போக அனுமதி கேள். போய் நடுவில் நில். அப்புறம் அவளாகக் கேட்கிறவரைக்கும் வாயைத் திறக்காதே. இவ்வளவுதான். நான் தலையாட்டினேன். போகிறவர் திரும்பி நின்றார்.

"இருமல் வந்தா தண்ணி குடி. மைக் பக்கம் போகாதே."

அப்படியானால் செருமல் விஷயம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். பேசாததை மறக்கிறவள் என்று தெரிந்தே, பேசாத ஜீப்பைப் போடுகிறார். அதை ஓட்ட என்னையே உட்காரவைக்கிறார். அந்த நிமிஷம் அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ரேடியோவில் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். இங்கே தமிழிலேயே சொல்கிறேன். தேர்வு தொடங்கியது. அவள் குரல் தெளிவாக இருந்தது. ரன்வேயைச் சோதிக்க ஜீப் உள்ளே வரலாமா என்று கேட்டேன். வரலாம், முடித்து வெளியேறியதும் சொல் என்றாள். எங்கள் பக்கத்துத் திரையில் எல்லாமே புள்ளிகள். மஞ்சள் புள்ளியை நடுவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் பக்கத்துத் திரையில் மேடம் போகிப் பண்டிகைக் காலை மாதிரி புகையைப் போட்டிருந்தார். கண்ணால் பார்த்து என்னைக் கண்டுபிடிக்க வழியில்லை. அவள் நினைத்துக்கொண்டால்தான் நான் அங்கே இருக்கிறேன்.

என் இடப்பக்கத்தில் எங்கள் அணியிலிருந்த அசோக் நகர்க்காரன் இறங்குகிற விமானம். அவனும் இன்னும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவனுக்கு எஞ்சினைக் கிளப்ப வேண்டும், ஒருவனுக்குக் காற்று எந்தத் திசை என்று தெரிய வேண்டும், ஒருவனுக்கு வழி மறந்துவிட்டது. அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். அழகாகச் சொன்னாள். அவள் அழகாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது. பேச்சில் இறங்கிவிட்டாள், சிவப்பைப் பார்க்க மாட்டாள்.

ஹெட்செட்டின் வயரில் ஒரு சின்னப் பட்டன் தொங்கும். கையில் பிடித்துக்கொண்டு, பேச வேண்டுமானால் கட்டை விரலால் அழுத்த வேண்டும். அதை அழுத்தி, ஜீப் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறது என்று சொன்னால் அவள் பிழைத்தாள். மேடம் என்னைக் கடித்துத் துப்பட்டும், பரவாயில்லை. சொன்னால் என்ன? நிஜ டிரைவராக இருந்தால் உயிருக்குப் பயந்து கத்தமாட்டானா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசோக் நகர்க்காரன் இறங்க வந்துவிட்டேன் என்று கூப்பிட்டான். வந்துகொண்டே இரு என்றாள். அவன் புள்ளி நெருங்கியது. இரண்டாம் தடவை கூப்பிட்டான். இறங்கலாமா?

பதில் இல்லை. ரேடியோவில் ஒன்றுமே இல்லை. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம்.

உடனே அவள் குரல் வந்தது. ஜீப், எங்கே இருக்கிறாய்?

ரன்வேயில் என்றேன். எனக்குக் குரல் நடுங்கியது, அவளுக்கு நடுங்கவில்லை. விமானத்தை இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்று அனுப்பினாள். என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போனதும் போய்விட்டாயா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். தேர்வு முடிந்து மேடம் எங்கள் அறைக்குக் கதவைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அவள் தேறிவிட்டாள்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கு போன் செய்தாயா, வடையில் எனக்குப் பங்கு வேண்டும், திங்கட்கிழமை இருவரும் ஒரே டவர் என்று வாய் ஓயவில்லை. கிண்டி வந்தபோது அவள் கேட்டாள்.

"அந்த டக், நீதானேடி?"

கை பட்டிருக்கும் என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நானாக அழுத்தவில்லை. அழுத்த வேண்டும் என்று நினைத்தேன், அழுத்தவில்லை. இருந்த பதற்றத்தில் லேசாகப் பட்டிருக்கும், அதனால் என்ன இப்போது என்று கேட்டேன்.

"ஞாபகம் வந்து கேட்டேனா, இல்ல சத்தம் கேட்டு ஞாபகம் வந்துதான்னு எனக்கே தெரியலடி. மேடத்துகிட்ட சொல்லிடறேன்."

சொன்னவள் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டாள். நானும் இறங்கினேன். கிண்டி பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் பார்க்கப் பார்க்கச் சண்டை போட்டேன். இன்னாடி, பைத்தியமா உனக்கு, கைக்கு எட்டினதை நீயே தட்டிவிடுவாயா, இதுவும் போனால் எங்கேடி போவாய் என்று கேட்டேன். மறுபடி தேர்வு வைத்து அதில் தோற்றால் என்னிடம் வந்து அழாதே என்றும் சொன்னேன். அவள் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்கு ரோட்டைக் கடந்தாள். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. வைதுகொண்டே பின்னால் போனேன்.

நாங்கள் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது மேடம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவள் என் பேரை எடுக்கவில்லை. ரேடியோவில் ஏதோ சத்தம் வந்தது, அதனால்தான் எனக்கு நினைவு வந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, வேண்டுமானால் இன்னொரு தடவை தேர்வு வையுங்கள் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் மேடம், கை பட்டுவிட்டது, அவள்மேல் தப்பில்லை என்று நடுவில் புகுந்தேன்.

மேடம் டப்பாவை மூடிவைத்தார். முதலில் அவளிடம் பேசினார்.

"டக் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. உன் பின்னாடிதானே நின்னேன். அதுக்கு முன்னாடியே உன் விரல் சிவப்பு ஸ்ட்ரிப் மேல இருந்துச்சு. நீ பாஸ்தான்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மேடம் என் பக்கம் திரும்பி, கை பட்டதா, அழுத்தினாயா என்று கேட்டார். பட்டது மேடம் என்றேன். நிச்சயமா என்றார். நிச்சயம் என்றேன்.

அவர் எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதே, வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னார். ரேடியோவில் ஒருத்தர் பட்டனை அழுத்தியிருந்தால் மற்றவர் பேசுவது யார் காதிலும் ஒழுங்காக விழாது. பத்து விமானம் கூப்பிட்டாலும் கன்ட்ரோலருக்கு இரைச்சல்தான் கேட்கும். இது எனக்குத் தெரியாதா என்று மனசுக்குள் சலித்துக்கொண்டேன். ஜீப் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஹெட்செட்டை மாட்டி, பட்டனைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பொய் டவரில் பேசுவது எல்லாமே பதிவாகும். காலைத் தேர்வின் பதிவை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சும்மா கேள் என்றார்.

கேட்டேன். காற்று எந்தத் திசை, வழி மறந்துவிட்டது, எஞ்சினைக் கிளப்பலாமா. அவள் குரல் வரிசையாகப் பதில் சொன்னது. அசோக் நகர்க்காரன் இறங்க வந்துவிட்டேன் என்றான். வந்துகொண்டே இரு என்றாள். முடிவு தெரிந்திருந்தும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஐயோ, சிவப்பைப் பாரேன், பாரேன்டி. அவன் இரண்டாம் தடவை கூப்பிட்டான். அந்த அமைதி வந்தது. மேடம் பதிவை அங்கேயே நிறுத்தினார்.

"இப்ப பட்டனை அழுத்தியிருக்கியா?"

"இல்ல மேடம்."

கண்ணைத் திறந்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, யாராவது பட்டனை அழுத்தினால் எரிகிற சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் சிநேகிதி மெல்லக் குனிந்து என் கையைப் பிடித்து, கட்டை விரலைப் பட்டன்மேலிருந்து எடுத்துவிட்டாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை டவருக்கு அவள் மட்டும் போனாள்.